கத்திக்கொண்டே இருக்கும் சர்வர்கள்... காணாமல் போகும் சாட்சிகள்!

மளிகைக் கடையில் போன் மூலம் 450 ரூபாய் கட்டுகிறார் ஒருவர். அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. கஸ்டமர் கேருக்கு அழைத்தால், "டிரான்ஸாக்‌ஷன் நம்பர் சொல்லுங்க சார், செக் பண்ணிச் சொல்றோம்" என்கிறார்கள். அவர்கள் எதை 'செக்' செய்கிறார்கள்?

சர்வர் எழுதி வைத்திருக்கும் டைரியைத்தான். கம்ப்யூட்டர் உலகில் அதற்கு 'லாக்' என்று பெயர். எத்தனை மணிக்குக் கோரிக்கை வந்தது, யாரிடமிருந்து வந்தது, எந்த வங்கிக்கு அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு படியையும் சர்வர் ஒரு வரியாக எழுதிக்கொண்டே போகும். நாம் சொல்லும் 12 இலக்க யு.பி.ஐ. எண்ணை வைத்து அந்த வரிகளைத் தேடி எடுத்தால், பணம் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பரபரப்பான ஒரு சர்வரின் டைரி 200 பக்க நோட்டு அல்ல. அதில் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான வரிகள் விழும். அவற்றில் பெரும்பாலானவை 'நான் நலம்' என்கிற ரகம். தேவையான அந்த ஒரு வரி இந்தக் கூட்டத்துக்கு நடுவே எங்கோ கிடக்கும். சில நேரம், தேடிப் போவதற்குள் அழிந்தே போயிருக்கும்.

அதனால்தான், சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு எழுத வைப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. வேண்டாததை எழுதவிடாமல் தடுப்பது!

கடலில் மிதந்த கட்டை

'லாக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு ஓடுகின்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இதனால்தான். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் 'லாக் புக்' ஆனது. காற்று, மழை, விபத்து என்று எல்லாமே பிறகு அதில் ஏறின. கப்பலுக்கு ஏதாவது ஆனால் முதலில் தேடப்படுவது அந்தப் புத்தகம்தான்.

கம்ப்யூட்டர்களுக்கும் அதே பழக்கம் வந்தது. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், 'சென்ட்மெயில்' என்ற மின்னஞ்சல் மென்பொருளின் ஒரு பகுதியாக எரிக் ஆல்மன் 'சிஸ்லாக்' என்ற முறையை உருவாக்கினார். செய்திகளை முக்கியத்துவத்தின்படி தரம் பிரிக்கும் பழக்கம் அதன் வழியாகப் பரவியது. இன்றைய வடிவத்தில் 0 முதல் 7 வரை 8 படிகள். 0 என்றால் 'சிஸ்டமே விழுந்துவிட்டது'. 3 என்றால் பிழை. 4 என்றால் எச்சரிக்கை. 6 என்றால் வெறும் தகவல். 7-க்குப் பெயர் 'டீபக்'. மென்பொருளை எழுதுகிறவர் தன் வசதிக்காகப் போட்டுக்கொள்ளும் கிறுக்கல் குறிப்பு என்று அதைச் சொல்லலாம்.

கப்பல் கேப்டன் எழுதியது கையால். எதை எழுதலாம், எதை விடலாம் என்று அவர் யோசித்தார். சர்வர் யோசிப்பதில்லை. சொன்னதை எல்லாம் எழுதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பெரிய இணையதளங்களில் பல சர்வர்கள் சேர்ந்து வேலை செய்யும். அவற்றுக்கு முன்னால் ஒரு கருவி நின்று, வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும். எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! அதற்காகச் சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும், 'இருக்கிறாயா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று சர்வர் பதில் சொல்லும். சொன்னதை லாகிலும் எழுதி வைக்கும்.

5 வினாடிக்கு ஒருமுறை என்று வைத்தால், ஒரு சர்வரில் நாளைக்கு 17,280 வரிகள். 100 சர்வர்கள் இருந்தால் 17,28,000 வரிகள். ஒரு வாடிக்கையாளர்கூட வராத நாளிலும் இந்த வரிகள் விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, மறந்துபோன 'டீபக்'. ஏதோ ஒரு சிக்கலைக் கண்டுபிடிக்க, 'எல்லாவற்றையும் எழுது' என்று ஒரு நாள் ராத்திரி ஆன் செய்திருப்பார்கள். சிக்கல் தீர்ந்திருக்கும். ஆஃப் செய்ய மறந்திருப்பார்கள்.

மூன்றாவது, ஒரே புகாரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் புரோகிராம்கள். ஓர் ஊழியர் தன் பாஸ்வேர்டை மாற்றுகிறார். ஆனால், அவர் பெயரில் எங்கோ ஒரு மூலையில் தானாக ஓடும் வேலை ஒன்றில் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதவைத் தட்டும், தோற்கும், மறுபடியும் தட்டும். விண்டோஸ் சர்வரில் ஒவ்வொரு தோல்வியும் 4625 என்ற எண்ணில் பதிவாகும்.

நான்காவது, தேவைக்கு மேல் திறந்துவிட்ட கண்காணிப்பு. விண்டோஸில் 5156 என்று ஒரு நிகழ்வு உண்டு. ஃபயர்வால் ஒரு இணைப்பை அனுமதித்தால் அது பதிவாகும். பரபரப்பான சர்வரில் ஒவ்வொரு வினாடியும் ஏராளமான இணைப்புகள் வந்து போகும். இதைத் திறந்துவிட்டால் லாக் முழுக்க 5156-ஆகவே இருக்கும்.

எழுதினால் எழுதட்டுமே... என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம், இடம். லாக் ஃபைல் பெருத்துப் பெருத்து டிஸ்க்கை நிரப்பிவிட்டால், அதே டிஸ்க்கில் இருக்கும் டேட்டாபேஸுக்கு எழுத இடம் இருக்காது. குறிப்பு எழுதப் போய்ச் செய்ய வேண்டிய வேலையே நின்றுபோகும். இரண்டாவது, பணம். லாக்குகளைச் சேர்த்துத் தேடித் தரும் சேவைகள் பலவற்றில், எத்தனை ஜி.பி. அனுப்புகிறோமோ அதற்கேற்பக் கட்டணம். 'இருக்கிறேன்' என்ற ஒரே வார்த்தைக்கு மாதா மாதம் பில் கட்டுவது போலத்தான் இது.

மூன்றாவது நஷ்டம்தான் விபரீதமானது. விண்டோஸின் பாதுகாப்பு லாக் வழக்கமாக 20 எம்.பி. அளவோடு வரும். நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஒரு நிகழ்வுக்கு அரை கே.பி. என்று வைத்துக்கொண்டால், 20 எம்.பி.யில் சுமார் 40,000 நிகழ்வுகள் அடங்கும். வினாடிக்கு 100 நிகழ்வுகள் வந்தால் 7 நிமிடத்துக்குள் புத்தகம் நிரம்பிவிடும். அதிகாலை 3 மணிக்குத் திருடன் வந்து போயிருந்தால், 3.10-க்கு அவன் கால்தடத்தின் மேல் ஆயிரக்கணக்கான '5156' நடந்து போயிருக்கும். லாகை அழிக்கத் திருடன் சிரமப்பட வேண்டியதில்லை. சர்வரே அழித்துக் கொடுத்துவிடும்!

அளவைக் கூட்டி வைக்கலாம், கூட்டவும் வேண்டும். ஆனால் சத்தம் குறையாவிட்டால், பெரிய புத்தகமும் கொஞ்ச நேரம் கழித்து நிரம்பும், அவ்வளவுதான்.

நூறு மணிகள் ஒரே நேரத்தில் அடித்தால்...

நான்காவது நஷ்டம் மனிதர்களுடையது. இதைக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு முன்பே வேறு சிலர் அனுபவித்துவிட்டார்கள்.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் கோளாறு தொடங்கியது. மூட வேண்டிய ஒரு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஆரம்பக் கட்டத்திலேயே 100-க்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. முக்கியமில்லாதவற்றை அடக்கி, முக்கியமானதை மட்டும் பார்க்க வழியில்லை. அலாரங்களை வரிசையாகத் தாளில் அச்சிட வேண்டிய பிரின்டர் 2 மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டது. 6 மணிக்கு அதைப் பார்த்தவருக்கு 4 மணிக் கதைதான் கிடைத்தது! அணு உலையின் ஒரு பகுதி உருகிப்போனது.

1994 ஜூலை 24. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து. 26 பேருக்குக் காயம். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் 2 ஆபரேட்டர்கள் முன்னால் வந்து விழுந்த அலாரங்கள் 275. ஒவ்வொன்றையும் படித்து முடிக்கக்கூட இரண்டரை வினாடிதான். இதன் பிறகு பிரிட்டனில் அலாரம் அமைப்புகளுக்கான வழிகாட்டி 1999-ல் வந்தது. வழக்கமான நேரத்தில் ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரம் வந்தால், அது அவர் சமாளிக்கக்கூடிய அளவு என்கிறது அது.

சர்வர் உலகத்தின் பாடம் 2013-ல் வந்தது. அமெரிக்காவின் டார்கெட் சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நுழைந்தவர்கள், நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிக்குள் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்களைத் திருடினார்கள். கண்காணிப்பு மென்பொருள் தூங்கவில்லை, எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதைப் பார்த்து அமெரிக்காவுக்குத் தெரிவித்ததாகவும் பின்னர் செய்திகள் வந்தன. வாரந்தோறும் மிகப் பெரிய எண்ணிக்கையில் நிகழ்வுகள் பதிவாவதாகவும், திருடர்களின் செயல்களில் ஒரு சிறு பகுதி ஊழியர்களின் பார்வைக்கு வந்ததாகவும், அது உடனடியாகக் கவனிக்க வேண்டியதல்ல என்று அவர்கள் முடிவு செய்ததாகவும் நிறுவனம் விளக்கியது. 2017-ல் 47 மாநிலங்களுடன் செய்துகொண்ட சமரசத்துக்காக டார்கெட் கட்டிய தொகை 1.85 கோடி டாலர்.

மூன்று இடத்திலும் தகவல் இருந்தது. கூட்டத்தில் தொலைந்திருந்தது.

சத்தத்தைக் குறைப்பது எப்படி?

அனுபவமுள்ள சிஸ்டம் அட்மின்கள் எடுத்த எடுப்பில் எதையும் அணைப்பதில்லை. முதலில் எண்ணுவார்கள். ஒரு நாள் லாகை எடுத்து, எந்த வகை நிகழ்வு எத்தனை முறை வந்தது என்று வரிசைப்படுத்துவார்கள். பெரும்பாலும் நான்கைந்து வகைகளே லாகின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நான்கைந்தைக் கவனித்தால் போதும்.

அடுத்து, அது சத்தமா, நோயா என்று பார்ப்பார்கள். பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டும் அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். 4625-ஐ எழுதாதே என்று சொன்னால் சத்தம் நிற்கும், கோளாறு நிற்காது. உண்மையான திருடன் தட்டினாலும் கேட்காது. பாஸ்வேர்டைச் சரிசெய்தால் சத்தமும் நிற்கும், நோயும் தீரும். இருமலுக்கு வாயைப் பொத்துவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

நோய் இல்லை, வெறும் சத்தம்தான் என்று உறுதியானால், பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். 'இருக்கிறாயா' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதைப் பதிய வேண்டாம் என்று வெப் சர்வரின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். பதில் வராதபோது மட்டும் மணி அடித்தால் போதுமே! விண்டோஸ் சர்வர் 2008 முதல் கண்காணிப்பு 50-க்கும் மேற்பட்ட உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் வெற்றியை மட்டும், தோல்வியை மட்டும், இரண்டையும் அல்லது எதையும் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். 5156 வரும் உட்பிரிவில் வெற்றியை மட்டும் அணைத்துவிட்டு மற்ற உட்பிரிவுகளை அப்படியே விடலாம்.

ஒரே செய்தி தொடர்ந்து வந்தால், 'மேற்கண்ட செய்தி மேலும் 500 முறை வந்தது' என்று ஒரே வரியில் சுருக்கலாம். பல சிஸ்லாக் மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. லினக்ஸில், ஒரு சேவை குறிப்பிட்ட நேரத்துக்குள் அளவுக்கு மீறிப் பேசினால் வாயை அடைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அளவு தாண்டியதும் வருவதை எல்லாம் வெட்டிவிடும். வெட்டியதில் முக்கியமான வரியும் இருக்கலாம். எனவே, அது கடைசிப் பாதுகாப்பாக மட்டும் இருப்பது நல்லது.

இன்னொரு வழி, சாம்பிள் எடுப்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்! கூகுள் தன் சர்வர்களுக்குள் ஒரு கோரிக்கை எந்தெந்த வழியாகப் போகிறது என்று கவனிக்க, 'டேப்பர்' என்ற முறையை உருவாக்கியது. 2010-ல் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், ஆரம்பத்தில் 1,024 கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் பதிவு செய்ததாகச் சொன்னது. கோரிக்கைகள் ஏராளமாக வரும் இடத்தில் போக்கைத் தெரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் இது சோற்றுக்குத்தான் பொருந்தும். பணப் பரிமாற்றத்திலும் பாதுகாப்பிலும் ஒவ்வொரு பருக்கையையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அமைதியான வரிதான் ஆபத்தானது

லாகைக் குறைக்கும்போது பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'வெற்றி என்றால் சாதாரணம், தோல்வி என்றால் பிரச்னை. எனவே தோல்விகளை மட்டும் வைத்துக்கொள்வோம்' என்று நினைப்பது.

நூறு முறை தவறான பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறான் ஒருவன். 4625 என்று நூறு வரிகள் விழுகின்றன. நூற்றியோராவது முறை சரியாகிவிடுகிறது. இப்போது விழுவது 4624. 'வெற்றிகரமாக உள்ளே நுழைந்தார்' என்று பொருள். பார்க்க எந்தக் குற்றமும் இல்லாத வரி. ஆனால் முழுக் கதையிலும் முக்கியமான வரி அதுதான். அதை அணைத்து வைத்திருந்தால், ஒருவன் கதவைத் தட்டினான் என்று தெரியும். உள்ளே போனானா என்று தெரியாது.

ஆனால் 4624 நிறைய வரும். யாராவது ஒரு பொது ஃபோல்டரைத் திறந்தாலே வரும். அதற்காக அணைக்காமல், லாகின் அளவைக் கூட்டி, உடனுக்குடன் வேறு ஒரு சர்வருக்குப் பிரதி அனுப்பி வைப்பது வழக்கம். உள்ளே புகுந்தவன் இங்குள்ள லாகை அழித்தாலும் அங்கே சாட்சி இருக்கும். பாதுகாப்பு லாகை யாராவது அழித்தால், 'அழிக்கப்பட்டது' என்பதையே 1102 என்ற எண்ணில் விண்டோஸ் எழுதி வைக்கும். புதிய பயனர் கணக்கு, உயர்ந்த அதிகாரம் வழங்கியது, கணக்கு பூட்டப்பட்டது, சிஸ்டத்தின் நேரத்தை மாற்றியது... இவையும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாத பட்டியலில் வரும்.

சட்டமும் கேட்கும். இந்தியாவின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் சிஸ்டங்களின் லாக்குகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். சைபர் தாக்குதல்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். கார்டு பரிவர்த்தனைகளுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் ஓர் ஆண்டு கேட்கின்றன. அதில் கடைசி 3 மாதங்கள் உடனே எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். குப்பையைக் குறைத்தவருக்குத்தான் இந்த 180 நாள் கணக்கு கைக்கு அடங்கும்.

எழுதவே கூடாதவை

அதிகம் எழுதுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2018 மே 3-ம் தேதி ட்விட்டர் தன் பயனர்கள் சுமார் 33 கோடி பேரிடமும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. வெளியாள் யாரும் புகுந்ததற்கான அறிகுறி இல்லை. பாஸ்வேர்டுகளை உருமாற்றிச் சேமிக்கும் வேலை முடிவதற்கு முன்பே, ஒரு கோளாறால் அவை நிறுவனத்தின் உள் லாகில் அப்படியே எழுதப்பட்டுவிட்டன.

பூட்டுப் போட்ட பெட்டிக்குப் பக்கத்திலேயே சாவியை வரைந்து வைத்த கதைதான். பாஸ்வேர்டு, ஓ.டி.பி., முழு கார்டு எண், நோயாளியின் மருத்துவ விவரம் போன்றவை லாகில் வரவே கூடாது. கண்டுபிடிக்கத் தேவையென்றால் கார்டின் கடைசி 4 இலக்கங்கள் போதும்.

உங்கள் போனுக்கும் இது பொருந்தும்

நம் எல்லோர் கையிலும் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. தள்ளுபடி விளம்பரம், கேம் அழைப்பு, 'உங்களைக் காணோமே' என்று கேட்கும் ஆப்... இவற்றுக்கு நடுவேதான் வங்கியின் 'உங்கள் கணக்கில் 9,000 ரூபாய் எடுக்கப்பட்டது' என்ற செய்தியும் வருகிறது. எரிச்சலில் எல்லா நோட்டிஃபிகேஷனையும் மொத்தமாக அணைப்பவர்கள் இதையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். சர்வருக்குச் சொன்ன அதே மருந்துதான் இங்கேயும்.

- இன்று எந்த ஆப் அதிகம் கத்தியது என்று செட்டிங்ஸில் பாருங்கள். முதல் ஐந்தை மட்டும் அணையுங்கள்.

- வங்கி, யு.பி.ஐ., மின்னஞ்சல் பாதுகாப்பு எச்சரிக்கைகளைத் தொடாதீர்கள். வீட்டில் பெரியவர்களின் போனிலும் அவை ஒலிக்கின்றனவா என்று பாருங்கள்.

- வங்கி எஸ்.எம்.எஸ்.களை உடனே அழிக்காதீர்கள். பிரச்னை வந்தால் அவைதான் உங்கள் தரப்பு லாக்.

- மாதம் ஒருமுறை கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பகுதியையும், வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியையும் திறந்து பாருங்கள். யாரும் மணி அடிக்காமல் அமைதியாக உள்ளே வந்தவர் இருந்தால், அங்கேதான் பெயர் இருக்கும்.

தெரியாத சாதனம் ஒன்று அங்கே தென்பட்டால், முதலில் அதை வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.